மறக்கப் பழகியவன்

லாண்டஸின் இடது முன்கையில் இருந்த பட்டையை எங்கள் ஹார்ல்டனில் பார்க்காதவர்கள் கிடையாது. கறுப்புப் பட்டை, மேலே ஒரு மூடி, மூடியைத் தூக்கினால் பிளாஸ்டிக் உறைக்குள் பொடி எழுத்தில் ஓர் அட்டை. ஆட்டத்தின் நடுவே மூடியைத் தூக்குவான், பார்ப்பான், மூடுவான், அப்புறம் பையன்களைப் பார்த்துக் கத்துவான். எதிர் அணிக் கோச்சுகளுக்கு அந்த அட்டைமேல் ஒரு கண். ஒருத்தன் மைதானத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து பைனாகுலர் வைத்தே படிக்கப் பார்த்தான். ஒன்பது வருஷம் அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீக்கில் ஆடினவன், என்னென்ன தந்திரம் எழுதி வைத்திருக்கிறானோ என்று ஊரே பேசிக்கொண்டது. பேசட்டும். எங்கள் ஊருக்குப் பேச வேறு என்ன இருக்கிறது.

அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி வெர்னிதாவுக்கும் தெரியும். எழுதினவளே அவள்தான்.

என் பெயர் எர்ஸ்கின். கெளுத்தி மீன் ஆலையில் ருசி பார்க்கிறவன். சிரிக்காதீர்கள், அது ஒரு வேலை. குளத்தில் வலை போடுவதற்கு முன்னால் இரண்டு மீனைக் கொண்டுவந்து தருவார்கள். வால் பக்கம் ஒரு துண்டு வெட்டி, உப்புகூடப் போடாமல், மைக்ரோவேவில் வைத்து, முதலில் மோந்து பார்த்து, பிறகு வாயில் போட்டுத் துப்ப வேண்டும். சேற்று வாடை அடித்தால் "வேண்டாம்" என்பேன். அவ்வளவுதான், அந்தக் குளத்து மீன் ஆலைக்குள் வராது. குளக்காரன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்துக் கோட்டோரம் எண் கம்பு பிடிப்பதும் நான்தான், இருபத்தாறு வருஷமாக. பந்து எங்கே நிற்கிறதோ அங்கே கம்பை ஊன்றி நிற்க வேண்டும். அதனால் கோச்சுகள் திட்டுவது, கெஞ்சுவது, தங்களுக்குள் முணுமுணுப்பது எல்லாம் என் காதில் விழும்.

லாண்டஸ் எங்கள் தெருக்காரன். என்னைவிட ஆறு வயசு இளையவன். முழுப்பெயர் ஓர்லாண்டஸ் பெட்டிஸ். பதினான்கு வயசிலேயே கதவு நிலையில் பக்கவாட்டாகத்தான் நுழைவான். அவன் ஆடியது சென்டர் இடம். பந்தைத் தரையில் வைத்துக் குனிந்து, கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்துவிட்டு, கொடுத்த அதே நொடியில் எதிரே பாய்ந்து வருகிற முந்நூறு பவுண்டு ஆளை முட்டி நிறுத்த வேண்டும். முட்டுவது எதனால்? தலையால்தான். ஓர் ஆட்டத்துக்கு அறுபது, எழுபது தடவை. பயிற்சியில் முட்டுவதற்குக் கணக்கே கிடையாது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்குத்தான் பேரும் புகழும். சென்டர் தப்புச் செய்தால்தான் அவன் பெயரே டிவியில் வரும். லாண்டஸின் பெயர் ஒன்பது வருஷத்தில் மொத்தம் நான்கு தடவைதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து என் வீட்டில் கூடி உட்கார்ந்து பார்ப்போம். அவன் பெயரைச் சொல்லாத வாரமெல்லாம் எங்களுக்குக் கொண்டாட்டம்.

வடக்கே ஒரு குளிர் ஊர் அணி. புது ஆள் பொறுக்குகிற கடைசிச் சுற்றில் எடுத்தார்கள், எடுத்த வருஷமே கழற்றிவிட்டார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். பிறகு ஒன்பது வருஷம் அவனை அசைக்க ஆளில்லை. முழங்கால் முட்டி போனதும் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெட்டும் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்ததாம், நாளைக்கு வர வேண்டாமென்று. பாதித் தலை வெட்டியபடியே எழுந்து போய்விட்டான். அதன்பின் ஒரு சின்னக் கல்லூரியில் உதவிக் கோச். அங்கே பெரிய கோச்சைத் துரத்தியபோது இவனையும் சேர்த்துத் துரத்தினார்கள். கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தான், முன்வரிசைப் பையன்களுக்குக் கோச்சாக. வெர்னிதா தான் பதினெட்டு வயசில் விட்டுவிட்டுப் போன ஆலைக்கே திரும்பி வந்தாள், மீன் அறுக்கும் மேசைக்கு மேற்பார்வையாளராக.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல கோச். எருமைக்கன்று மாதிரி வருகிற பையன்களுக்குக் கால் வைக்கக் கற்றுக்கொடுப்பான். "கையை உள்ளே வைடா! கட்டிப்பிடிக்கவா வந்திருக்க? உன் ஆளு உங்க அத்தை இல்லடா!" என்று அவன் கத்துவது ரோட்டுக்குக் கேட்கும். வியாழக்கிழமைதோறும் முன்வரிசைப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கும் அவன் வீட்டில்தான் சாப்பாடு. ஆலையில் எட்டு மணி நேரம் பனிக்கட்டிக்குள் கைவிட்டு நின்றுவிட்டு வந்து, வெர்னிதா பின்கட்டில் பெரிய சட்டி வைத்து மீன் பொரிப்பாள். கூடவே ஒரு அண்டா ஸ்பகெட்டி. சிவப்புச் சாயப்பொடியும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரில் ஊறிய வெள்ளரிக்காய் ஊறுகாய் ஒரு ஜாடி. அவள் மட்டும் மீனைத் தொடமாட்டாள். ஆலைக்காரர்கள் யாரும் தொடமாட்டோம்.

அந்த அட்டையை நான் படித்தது போன வருஷம் செப்டம்பரில், சூரியன் இன்னும் இறங்காத ஒரு வெள்ளிக்கிழமை. பந்து எங்கள் பக்கக் கோட்டோரம் விழுந்திருந்தது. நான் கம்பை ஊன்றி நிற்கிறேன். லாண்டஸ் எனக்கு ஒரு முழம் தள்ளி, மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூடாமல் நிற்கிறான். எட்டிப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் பார்த்தேன்.

ஆட்டத் தந்திரம் ஒன்றுகூட இல்லை, பையன்களின் சட்டை எண்ணும் பெயரும்தான். ஐம்பத்திரண்டு: கேட்ரிக், சென்டர், சாது. அறுபத்தாறு: டெமாரியஸ், வாய்க்காரன், திட்டினால் கேட்பான். இப்படிப் பன்னிரண்டு பெயர். கீழே: வண்டி, தெற்கு வாசல், நீலநிறம். வீட்டுக்கு: தண்ணீர்த்தொட்டி தாண்டி வலது. அதற்கும் கீழே, கடைசி வரியில்: கம்பு பிடிப்பவர் எர்ஸ்கின். நம்ம ஆள்.

ஒரே தெரு, நாற்பது வருஷப் பழக்கம். என் அம்மா கையால் எத்தனை வேளை தின்றிருப்பான். என்னை நம்ம ஆள் என்று எழுதி வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறதா? எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம். நடுவர் விசில் ஊதிக் கம்பை நகர்த்தச் சொன்னதுகூடக் காதில் விழவில்லை. "யோவ் எர்ஸ்கின், தூங்கிட்டியா?" என்று பின்னாலிருந்து ஜனங்கள் கத்தினார்கள்.

அக்டோபரில் பஸ் விஷயம் நடந்தது. எங்களைப் போன்ற சின்னப் பள்ளிக்கூடங்களில் கோச்சுகள்தான் பஸ் ஓட்ட வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பையன்களின் ஆட்டம், திங்கட்கிழமை மத்தியானம், பக்கத்து மாவட்டத்தில். தண்ணீர்ப் பெட்டி தூக்க நானும் போயிருந்தேன். தோற்றுவிட்டுத் திரும்பி வருகிறோம். நேரே போக வேண்டிய இடத்தில் லாண்டஸ் இடதுபுறம் சரளைப் பாதையில் திருப்பினான். இரண்டு மைல் போய், இரண்டு பக்கமும் அறுவடைக்கு நிற்கிற பருத்திக்காட்டுக்கு நடுவே நிறுத்தி, என்ஜினை அணைத்தான்.

"இறங்குங்கடா. வந்தாச்சு."

முப்பத்தொரு பையன்கள் ஜன்னல் வழியாகப் பருத்தியைப் பார்த்தார்கள். ஒருத்தன் கிசுகிசுப்பாக, "எங்க கோச் வந்தாச்சு?" என்றான்.

லாண்டஸ் மூடியைத் தூக்கிப் பார்த்தான். அவன் கழுத்து பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது, வியர்த்துக் கொட்டியது. அட்டையில் தண்ணீர்த்தொட்டி இருந்தது, அங்கே தண்ணீர்த்தொட்டி இல்லை. ஒரு நிமிஷம் இருக்கும். திடீரென்று எழுந்து நின்று சத்தம் போட்டான்.

"எங்கயா? தோத்துட்டு வந்த நாய்களுக்கு வீட்டுல கோழிப்பொரியலா வெச்சிருக்கு? இறங்கி ஓடுங்கடா! அந்தக் கடைசி வரப்புத் தொட்டுட்டு வரணும். ஓடு!"

ஓடினார்கள். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். "லாண்டஸ், வண்டியை நான் எடுக்கறேன். ஒரே சரளையா இருக்கு, என் லாரிக்குப் பழகின ரோடு இது" என்றேன். சாவியைத் தந்துவிட்டான். மறுநாள் ஆலையில் அதே பேச்சு. "என்னா கோச்சுய்யா! தோத்ததுக்குப் பருத்திக்காட்டுல விட்டு ஓட விட்டானாம்! இவன்தான் நமக்குச் சரி." நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது அப்போதே எனக்குப் பழகிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் வெர்னிதா என் ருசி அறைக்கு வந்தாள். ரப்பர் பூட்ஸ், வலைத்தொப்பி, கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தாள். கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, பஸ்ஸை நீங்கதான் ஓட்டிட்டு வந்தீங்களாமே."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. அன்னிக்கு அவரு சட்டைப்பையில பஸ் சாவி இல்லை. நீங்க அட்டையையும் பாத்திருப்பீங்க."

"பாத்தேன். என் பேரையும் பாத்தேன். ஏன் வெர்னிதா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லி? நீங்க என்ன மருந்து வெச்சிருக்கீங்களா?" என்றவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "ப்ளெட்சோ கோச் இந்த வருஷத்தோட ஓய்வு. தலைமைக் கோச் வேலை இவருக்குத்தான்னு பேசியாச்சு. பள்ளிக்கூட நிர்வாகக் குழு அதுக்கு டாக்டர்கிட்டருந்து காகிதம் கேக்குது. அண்ணே, நான் கும்பிடாத சாமி இல்லை. அந்த டாக்டர் ஒருத்தராவது 'இந்த ஆளுக்கு முடியலை, வேலையை விடு, வைத்தியம் பாரு'ன்னு சொல்லணும். நான் சொன்னா பொண்டாட்டி நச்சரிப்பு. ஜாக்சன் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நீங்க வண்டி ஓட்டுனா அவரு வருவாரு."

"போலாம். இதுல என்ன கஷ்டம்? சோதிச்சாலே தெரிஞ்சுடுமே."

மைக்ரோவேவ் மணி அடித்தது. நான் மீனை எடுத்து மோந்தேன், சேற்று வாடை. குளத்துச் சீட்டில் "வேண்டாம்" என்று எழுதினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சா சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பிப்ரவரியில்தான் நாள் கிடைத்தது. இரண்டு மணி நேர ஓட்டம், வழியெல்லாம் மழை. லாண்டஸ் முன்சீட்டில் உட்கார்ந்து ஏகக் குஷியாக வந்தான். அவனுக்கு நல்ல நாளும் உண்டு, அது நல்ல நாள். வழியில் பெட்ரோல் பங்கில் சூடாக ஒரு டஜன் டமாலி, சோளமாவில் இறைச்சி வைத்த கொழுக்கட்டை, வாங்கிச் சோளத் தோகையை உரித்து எனக்கும் ஊட்டினான். "அண்ணே, தலைமைக் கோச் ஆனதும் உனக்குப் புதுக் கம்பு வாங்கித் தரேன். அந்தக் கம்பு உன்னை மாதிரியே வளைஞ்சு போச்சு."

"முதல்ல நீ ஆகு. அப்புறம் பாக்கலாம்."

மருத்துவமனையில் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். சொற்கள், படங்கள், எண்கள், எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது. டாக்டர் ஓர் இளம்பெண். எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது இன்னிக்கு எழுதினது. இது இவர் பழைய டீம்ல இருந்து வந்தது, இருபத்தாறு வயசுல எழுதினது. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். மார்க் கம்மிதான், நான் மறுக்கலை. ஆனா அப்பவே அவ்வளவுதான் இருந்திருக்கு. பதினெட்டு வருஷத்துல பெருசா மாற்றம் இல்லை."

லாண்டஸ் தொடையில் தட்டிச் சிரித்தான். "கேட்டியா வெர்னி? நான் அப்பவும் மக்கு, இப்பவும் மக்கு!"

வெர்னிதா அந்தப் பழைய காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் விரல்கள் ஆலைக்காரி விரல்கள், கணுவெல்லாம் வீங்கியவை.

"டாக்டர், இது பொய்."

"எது?"

"இந்தப் பழசு. இவரு வேணும்னே தப்பா எழுதினது. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. வருஷ ஆரம்பத்துல நல்லா எழுதிட்டா, அப்புறம் தலையில அடிபட்டு எழுதும்போது மார்க் குறைஞ்சு, ஆட விடமாட்டாங்க. ஆரம்பத்துலயே கம்மியா எழுதிட்டா அடிபட்டாலும் அதே மார்க்குதான் வரும். அடுத்த ஞாயித்துக்கிழமை ஆடலாம். ஒரு ஆட்டம் உக்காந்தா இடம் போயிடும். அதுக்குத்தான்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே பழக்கிவிட்டேன்." அவள் அந்தக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அடுக்களையில உக்கார வெச்சு நான் அஞ்சு அஞ்சு சொல்லாப் படிப்பேன். இவருக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும். சனியன் மாதிரி ஞாபகம். ரெண்டு மட்டும் சொல்லுங்க, மூணை விட்டுடுங்கன்னு சொல்லி, ராப்பகலா மறக்கப் பழக்கினேன். சிரிச்சுச் சிரிச்சுப் பழக்கினேன். இருபத்திமூணு வயசு எனக்கு."

டாக்டர் லாண்டஸைப் பார்த்தாள். "அப்படியா, மிஸ்டர் பெட்டிஸ்?"

அவன் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது. பட்டையின் மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

"இல்லை" என்றான். "நான் ஒன்பது வருஷம் ஒழுங்கா ஆடினவன். யாரையும் ஏமாத்தலை."

"லாண்டஸ்!"

"நான் ஏமாத்துக்காரன் இல்லை வெர்னி."

டாக்டர் நல்ல பெண்தான், குறை சொல்லமாட்டேன். மூளையைப் படம் எடுக்கலாம், இன்னும் இரண்டு நாள் வைத்து வேறு விதமாகச் சோதிக்கலாம் என்றாள். அதற்கு நாள் கிடைக்க நவம்பர் ஆகும், அவனும் சம்மதித்து வர வேண்டும். இப்போதைக்குக் காகிதத்தில் இருப்பதைத்தான் எழுதித் தர முடியும். எழுதித் தந்தாள். லாண்டஸ் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

திரும்பும்போது யாஸூ ஆற்றுப் பாலம் தாண்டினதும் அவன்தான் பேசினான், பின்னால் திரும்பாமலே.

"அந்த ஒன்பது வருஷம்தான் என்கிட்ட இருக்கு. அதையும் பொய்யுன்னு சொல்லிட்டா என்கிட்ட என்ன இருக்கு, சொல்லு."

"நீ இருப்பே" என்றாள் வெர்னிதா. "அதைத்தான்யா நான் கேக்கறேன்."

அன்று அவர்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது லாண்டஸ் உள்ளே போன பிறகு அவள் வண்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, குழுக்கூட்டத்துல நான் எந்திரிச்சா ஊரே என்னைத் திட்டும், புருஷன் பொழைப்புல மண்ணைப் போடுறான்னு. அதுகூடப் பரவாயில்லை. நம்பமாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. பருத்திக்காட்டைச் சொல்லுங்க. அட்டையைச் சொல்லுங்க. முப்பது பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற வண்டி. என்னிக்காவது எவனாவது லாரிக்காரன்மேல..."

"சொல்றேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மார்ச்சில் கூட்டம். பள்ளிக்கூட நூலகத்தில் மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார இடமில்லாமல் ஜனம். லாண்டஸ் சாம்பல் நிறக் கோட்டு போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான், கோட்டுக் கைக்குள் பட்டை புடைத்துக்கொண்டு தெரிந்தது. குழுத் தலைவர் லெஸ்டர் க்ரெயின். பதினாறு குளத்துக்காரர். போன கோடையில் அவருடைய ஆறு குளத்தை நான் ஏழு வாரம் "வேண்டாம்" என்று நிறுத்தி வைத்திருந்தேன். அந்த ஏழு வாரமும் ரோட்டில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

காகிதத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எர்ஸ்கின், நீயும் கூடப் போனியாமே."

எழுந்து நின்றேன்.

"என் குளத்துக்கே மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொன்ன ஆளு நீ. அப்ப உன்மேல எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? ஆனா உன் நாக்கு பொய் சொல்லாதுன்னு தெரியும். நீயே சொல்லு. இவர் நல்லா இருக்காரா? பிள்ளைங்களை ஒப்படைக்கலாமா?"

வெர்னிதா சுவரோரம் நின்றிருந்தாள், ஆலை பூட்ஸோடு. என்னைப் பார்த்தாள். லாண்டஸும் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு, யாரும் கவனிக்காத மாதிரி, கோட்டுக் கையை மேலே தள்ளி மூடியைத் தூக்கினான். கடைசி வரியைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. தேடிப் படித்துவிட்டு நிமிர்ந்து, முகமெல்லாம் மலர என்னைப் பார்த்துச் சிரித்தான். நம்ம ஆள்.

"டாக்டர் காகிதம் இருக்குல்லங்க" என்றேன். "அதுல என்ன இருக்கோ அதுதான்."

கை தட்டினார்கள். எனக்காகவா அவனுக்காகவா என்று தெரியவில்லை. சேற்றில் செத்த மீனைக் கையில் கொடுத்து, பிரமாதம் என்று சொல்ல வைத்தாற்போல நின்றேன். திரும்பிப் பார்த்தபோது சுவரோரம் யாரும் இல்லை. அதற்கப்புறம் அவள் என் ருசி அறைப் பக்கமே வரவில்லை. வழியில் பார்த்தால் "வாங்க" என்பாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் முதல் வாரம், லாண்டஸ் தலைமைக் கோச்சான புதுப் பருவத்தின் முதல் வியாழக்கிழமைச் சாப்பாடு. என்னை லாண்டஸ்தான் கூப்பிட்டிருந்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குக்கூட வெயில் கொளுத்தியது, பொடிப் பூச்சிகள் கண்ணிலும் காதிலும் மொய்த்தன. பின்கட்டில் பிளாஸ்டிக் மேசைகள். பன்னிரண்டு பையன்கள், பயிற்சி முடிந்து குளித்தும் குளிக்காமலும், பசியில் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வெர்னிதா சட்டிக்கு எதிரே நின்று பொரித்துக்கொண்டிருந்தாள். நான் போய், "எதாவது எடுத்துக் குடுக்கட்டுமா?" என்றேன். "இருக்கட்டும்" என்றாள்.

வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், ஜாக்சனில் வைத்த மாதிரியே கம்ப்யூட்டர் பரீட்சை. இப்போது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. பேச்சு அதில் வந்து நின்றது. கேட்ரிக், அந்தச் சாது சென்டர், "கோச், அதுல ஃபெயில் ஆனா டீம்ல இருந்து எடுத்துடுவாங்களா?" என்று கேட்டான்.

லாண்டஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டால் நாற்காலியைத் திருப்பிப் போடுவான்.

"டேய், எல்லாரும் கேளுங்க. ஒன்பது வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமைகூட நான் உக்காந்ததில்லை. ஏன் தெரியுமா? சொல் குடுப்பாங்க. எல்லாத்தையும் ஒப்பிச்சு வெக்காதே. அஞ்சு குடுத்தா ரெண்டு. மூணை மறந்துடு. புத்திசாலித்தனமா மறக்கணும்டா, அதுக்கும் பழக்கம் வேணும். உங்க மிஸ் வெர்னிதாவைக் கேளுங்க, அவதான் எனக்கு வாத்தியார்!"

பையன்கள் ஓவென்று சிரித்தார்கள். டெமாரியஸ், அந்த வாய்க்காரன், "மிஸ் வெர்னிதா, எங்களுக்கும் சொல்லிக் குடுங்க!" என்றான்.

வெர்னிதா அடுப்பை அணைத்தாள். கரண்டியோடு மேசைக்கு வந்தாள். ஜாக்சனில் அவன் இல்லவே இல்லை என்று மறுத்ததை இப்போது பன்னிரண்டு பேர் முன்னால் அவனே ஆமாம் என்று சொல்லிவிட்டான், சொன்னோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

"சொல்லித் தரேன்" என்றாள் அவள். "ஆனா முதல்ல கோச்சு சொல்லட்டும். லாண்டஸ், அஞ்சு சொல்லுவேன். அஞ்சையும் திருப்பிச் சொல்லு. இன்னிக்கு நடிக்காதே. ஒரே ஒரு தடவை எனக்காக நடிக்காம சொல்லு. வெண்ணெய். ஏணி. குதிரை. ஜன்னல். கம்பளி."

அவன் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். "வெண்ணெய்..." நின்றான். "ஏணி." அப்புறம் வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. கண் அவளிடமிருந்து சட்டிக்குப் போயிற்று, வேலிக்குப் போயிற்று. கை தானாகப் பட்டைக்குப் போய் மூடியைத் தூக்கிற்று. அதில் அந்தச் சொற்கள் எப்படி இருக்கும்? கழுத்தில் வியர்வை இறங்கியது, பருத்திக்காட்டில் இறங்கின மாதிரியே.

அவன் மூடியை மூடினான். பையன்கள் பக்கம் திரும்பிக் கண்ணடித்தான்.

"பாத்தீங்களாடா? இப்படித்தான் மறக்கணும். எவனாலயாவது கண்டுபிடிக்க முடியுமா?"

விசில், கைதட்டல், மேசைத் தட்டல். டெமாரியஸ் எழுந்து நின்று, "கோச், செம நடிப்பு கோச்!" என்றான். லாண்டஸும் எழுந்து குனிந்து வணக்கம் வைத்தான்.

வெர்னிதா சத்தம் அடங்கும்வரை நின்றாள். பிறகு மீன் தட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "வரிசையா வாங்க. இந்த வீட்டுல அஞ்சையும் சொல்றவனுக்குத்தான் மீன். ஒண்ணு விட்டாலும் பட்டினிதான். திங்கட்கிழமையும் அப்படியே எழுதிட்டு வரணும். எழுதாதவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

"அய்யோ, மிஸ் வெர்னிதா!"

"வாடா முதல்ல."

கேட்ரிக் வந்தான். "வெண்ணெய், ஏணி, குதிரை, ஜன்னல், கம்பளி." மூன்று துண்டு மீன் விழுந்தது. அடுத்தவன் சொன்னான். அதற்கடுத்தவன் குதிரையை விட்டான், வரிசைக் கடைசிக்குத் துரத்தினாள், அவன் முணுமுணுத்தபடியே போய் நின்றான். டெமாரியஸ் பாட்டாகவே பாடினான். பன்னிரண்டு வாய்கள் அந்த ஐந்து சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தன. லாண்டஸ் அதையெல்லாம் ரசித்து, ஒவ்வொருத்தன் முதுகிலும் தட்டிக்கொடுத்து, கடைசியில் தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான், குதிரையை விட்ட பையனுக்குப் பின்னால்.

அந்தப் பையன் சரியாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான். லாண்டஸ் அவள் முன்னால் வந்து நின்றான். தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். உதடு அசைந்தது.

அவன் வாயைத் திறப்பதற்குள் வெர்னிதா தட்டில் மீனை வைத்துவிட்டாள்.

"மிஸ் வெர்னிதா, கோச் சொல்லவே இல்லையே! இது அநியாயம்!" என்று டெமாரியஸ் வாய் நிறைய மீனோடு கத்தினான்.

"கோச்சு பரீட்சை எழுதி முடிச்சாச்சுடா" என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே. "பாஸுன்னு எர்ஸ்கின் மாமாவே ஊர் கூட்டத்துல சொன்னாரே."